சோத்தாங்கைப் பக்கத்துச் சத்தம்

ஸ்டீயரிங்கைத் திருப்பினால் எங்கள் கார் நறநறவென்று சத்தம் போட ஆரம்பித்தது, என் மனைவி அதை ஓட்டத் தொடங்கிய பதினோராம் நாள். இந்தத் தகவல் ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது. மேற்கொண்டு விசாரணை எதையும் நான் நடத்தவில்லை. மத்திய அரசு அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் கோப்பு பார்த்தவனுக்கு, முடிவை முதலில் எழுதிவிட்டுக் காரணங்களைப் பிறகு கோர்ப்பது கைவந்த கலை.

மனைவி நர்ஸ். நாகர்கோவில்காரி. டெல்லிக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகியும் அவளுடைய நாகர்கோவில் தமிழில் ஒரு எழுத்துக்கூடத் தேயவில்லை. நான் திருச்சி. எங்கள் இருவர் தமிழையும் கலந்து, அதில் பாதிக்கு மேல் ஹிந்தி ஊற்றி, எங்கள் மகள் ஒரு மொழி பேசுவாள். அவள் பிறந்தது இங்கேதான். கல்லூரியில் படிக்கிறாள். தமிழ் எழுத்துகளைப் பார்த்தால் அவளுக்கு ஜிலேபி ஞாபகம் வருகிறது என்று ஒருமுறை சொன்னாள்.

இருபது வருடத்துக்கும் மேலாக பஸ்ஸிலும் ஆட்டோவிலும் டூட்டிக்குப் போய்வந்த மனைவிக்கு நாற்பத்தேழு வயதில் கார் ஓட்டும் ஆசை வந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி துவாரகாவில் புதிதாக ஒரு கிளை திறந்து, அனுபவமுள்ள நர்சுகளை அங்கே அனுப்பியது. நாங்கள் இருப்பது ஆர்.கே.புரத்தில், அரசாங்கக் குடியிருப்பில். அங்கிருந்து காலை எட்டு மணி டூட்டிக்குப் போக ஆறரைக்கே கிளம்ப வேண்டும். ஒரு மெட்ரோ, அதிலிருந்து இன்னொரு மெட்ரோ, பிறகு ஈ-ரிக்‌ஷா. நாள் முழுக்க நின்ற காலோடு மாலையில் அதே வரிசையைத் திருப்பிச் செய்ய வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் முட்டியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கார் என்றால் அதே தூரம் முக்கால் மணி நேரம். காரோ, வாரம் ஆறு நாள் வேப்பமரத்தடியில் இலையும் எச்சமும் வாங்கிக்கொண்டு சும்மா நின்றது. நான் அலுவலகத்துக்கு மெட்ரோவில்தான் போகிறேன்.

"டெல்லி ரோடு வேற மாதிரிம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். "நம்ம ஊரு ரோடு மட்டும் ஊட்டு முற்றமா?" என்று கேட்டுவிட்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். லைசன்ஸ் முதல் தடவையிலேயே கிடைத்தது. எனக்கு மூன்றாவது தடவையில் கிடைத்தது என்பதை இங்கே சொல்ல வேண்டிய அவசியமில்லை.

முதல் நான்கு நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து துவாரகா வரை போனேன். ஐந்தாம் நாளிலிருந்து தனியாகப் போனாள். அன்று மாலை ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு வந்தாள். கொய்யா எங்கள் தெருமுனையிலேயே கிடைக்கும். ஆனால் அவள் சொன்னது வேறு. "வார வழியில ஒரு வண்டிக்காரன் வச்சிருந்தான். நெனச்ச எடத்துல நிறுத்தி எறங்கி வாங்குனேன். யாருகிட்டயும் கேக்கல்ல." அதை அவள் மூன்று தடவை சொன்னாள். கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது. இரண்டாவதைத்தான் நான் அதிகம் கவனித்தேன்.

பதினோராம் நாள் ஒரு திங்கட்கிழமை. மாலையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து அவளே சொன்னாள்: "வண்டியில ஒரு சத்தம் வருது. சோத்தாங்கைப் பக்கம் திருப்புனா நறநறங்குது. பீச்சாங்கைப் பக்கம் ஒண்ணும் இல்ல."

நர்ஸ் சொல்லும் நோய்க்குறிப்பு அது. எந்தப் பக்கம், எப்போது, எப்படி என்று மூன்றும் அதில் இருந்தது. வலது கையைச் சோத்தாங்கை என்றும் இடது கையைப் பீச்சாங்கை என்றும் படித்தவள் ஒருத்தி சொல்லலாமா என்பதுதான் அப்போது எனக்குத் தோன்றியது. "நின்ன இடத்துல வச்சு ஸ்டீயரிங்கை ஒடிச்சிருப்பே. எத்தனை தடவை சொன்னேன்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்பிடி ஒடிச்ச மாதிரி இல்ல" என்றாள். பிறகு, "செரி, சத்தம் போகட்டும். அதுவரைக்கும் நான் எடுக்கல்ல" என்று சாவியை என் கையில் கொடுத்தாள். மறுநாள் காலை ஆறரைக்கு மெட்ரோவுக்குப் போய்விட்டாள்.

ஆக, இனி எல்லாம் என் பொறுப்பு. சத்தம் போனால் அவள் ஓட்டுவாள். சத்தம் இருந்தால் முட்டியும் வெந்நீர்ப் பையும்.

முனிர்காவில் ஒரு கார் மெக்கானிக் இருக்கிறார், டெல்லி வழக்கில் மிஸ்திரி. தலைக்கு மேல் நான்கு மாடிகளிலும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் துணி காயப்போட்டிருக்கும் ஒரு சந்தில், கீழ்த்தளத்தில் பட்டறை. கனத்த மனிதர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். தென்னிந்தியர் எல்லோரும் அவருக்கு அண்ணாஜிதான். என்னிடம் எப்போதும் ஹிந்தியில்தான் பேசுவார். என் ஹிந்தியைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. இலாகா நடத்திய ஹிந்தித் தேர்வுகள் அத்தனையிலும் தேறியவன் நான். சான்றிதழ்கள் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. அந்தத் தேர்வுக்குப் படிக்கும்போது வலதுக்கு 'தாயேன்', இடதுக்கு 'பாயேன்' என்று பாடத்தில் வந்தது. இரண்டும் குழம்பாமல் இருக்க, தாய் வலப்பக்கம், படுக்கிற பாய் இடப்பக்கம் என்று மனப்பாடம் செய்துவைத்தேன். இன்றைக்கும் என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்வேன்.

மிஸ்திரி தாயையும் கேட்கவில்லை, பாயையும் கேட்கவில்லை. நான் சத்தத்தை விவரித்து முடித்ததும் அவர் கேட்டது இதுதான்: "சீதே ஹாத் காட்னே பே ஆதி ஹை, யா உல்டே ஹாத்?"

சீதா என்றால் நேர். ஆட்டோக்காரரிடம் 'சீதா சலோ' என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். உல்டா என்றால் தலைகீழ், மாறாக. ஹாத் என்றால் கை. ஆக, மனிதர் கேட்பது, ஸ்டீயரிங்கில் கை நேராக இருக்கும்போது சத்தம் வருகிறதா, திருப்பும்போது வருகிறதா என்று. எவ்வளவு பொருத்தமான கேள்வி. நான் தேர்வறையில் சொல்வது போல நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்: "சீதா மே நஹீன் ஆதா. உல்டா மே ஆதா ஹை." நேராக இருந்தால் வராது, திருப்பினால் வரும் என்று.

"பக்கா?"

"பக்கா."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். அந்தச் சந்தில் காரை எடுத்தால் இடப்பக்கம், இடப்பக்கம், இடப்பக்கம் என்று மூன்று திருப்பம் திரும்பி வந்த இடத்துக்கே வரலாம். வலப்பக்கம் திரும்பினால் எதிரே வரும் அத்தனை பேரிடமும் சண்டை போட வேண்டும். திரும்பி வந்து, அப்படி எதுவும் பெரிதாகக் கேட்கவில்லையே என்றார். "மெதுவாகப் போனால் கேட்காது" என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் இடப்பக்க முன்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். உள்ளே குனிந்து டார்ச் அடித்தார். ஆக்ஸிலின் முனையில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருந்தது. வயதான வண்டி எதைத் தூக்கிப் பார்த்தாலும் ஏதாவது கிழிந்துதான் இருக்கும். ஐம்பத்து மூன்று வயது ஆள் என்னை ஜாக்கி போட்டுத் தூக்கினாலும் அதே கதைதான். ஆக்ஸில் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். மாற்றினோம்.

டெல்லி மிஸ்திரிகளிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கழற்றிய பழைய சாமானை நம் கையில் கொடுத்துவிடுவார்கள், மாற்றாமலே மாற்றியதாகச் சொன்னார் என்று நாம் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. ஹிந்தி நாளிதழில் சுற்றிக் கொடுத்ததை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு சாட்சியப் பொருளைக் கொண்டுவருகிற மிடுக்கோடு கொண்டுவந்தேன் என்பதுதான் உண்மை. கிரீஸ் வழியும் அந்த இரும்பைப் பால்கனியில் வைத்து, மனைவி வந்ததும் காட்டினேன்.

"இது என்னது?"

"நீ பதினோரு நாள் ஓட்டினதோட பலன்."

அவள் குனிந்து, அதைச் சுற்றிப் பார்த்தாள். தரை கறையாகாமல் அடியில் இன்னும் இரண்டு தாள் விரித்தாள். "பயாப்ஸிக்கு அனுப்பணுமா?" என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை. அவளும் மேற்கொண்டு சிரிக்கவில்லை. அந்த இரும்பை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, "இத ஒடைக்கதுக்கு எனக்கு அவ்வளவு பெலம் உண்டா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்டாள் என்று அப்போது நினைத்தேன். நிஜமாகவே கேட்டிருக்கிறாள்.

சத்தம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும்போது வலப்பக்கம் திரும்பினேன். நறநற. பின் இருக்கையில் இருந்த மகள் காதிலிருந்த ஒயரைக் கழற்றிவிட்டு, "அப்பா, இது அப்பவே டீக் பண்ணலையா?" என்று கேட்டாள், சரி செய்யவில்லையா என்று. "புது சாமான். பழகணும்" என்றேன். புதுச் செருப்புக்குச் சொல்வதை ஆக்ஸிலுக்குச் சொன்னேன். மனைவி சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "பழகுற சத்தமும் சோத்தாங்கைப் பக்கந்தான் வருது" என்றாள்.

இந்தக் கட்டத்தில் சொல்பேச்சு கேட்கிற மனிதனாக இருந்திருந்தால் என் கதை இங்கேயே முடிந்திருக்கும். நான் மறுபடி முனிர்காவுக்குப் போனேன். "ஆவாஸ் அபி பீ உல்டா மே ஹை" என்றேன், சத்தம் இன்னும் உல்டாவில்தான் இருக்கிறது என்று. மிஸ்திரிக்கு முகம் சுருங்கிவிட்டது. தன் வேலையில் குறை வந்ததாக யாரும் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. இடப்பக்கத்தை இன்னொரு முறை பிரித்தார். ஷாக் அப்சார்பரின் தலையில் ஒரு பேரிங் உண்டு, ஸ்டீயரிங் திரும்பும்போது அது சுழலும், அது தேய்ந்தாலும் இப்படித்தான் சத்தம் வரும் என்று விளக்கினார். அதுவும் கொஞ்சம் தேய்ந்துதான் இருந்தது. மாற்றினோம். நாளிதழில் சுற்றி அதுவும் என் கைக்கு வந்தது. பால்கனியில் ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு இடம் கிடைத்தது.

இந்தத் தடவை நான் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. "இதுவும்" என்று மட்டும் சொன்னேன். அவள் டூட்டிப் பையைத் தோளிலிருந்து இறக்காமல் பால்கனி வாசலில் நின்று இரண்டு இரும்பையும் பார்த்தாள். "இவ்வளவும் நானா?" என்றாள். "வேற யாரு ஓட்டினா?" என்றேன். அவள் உள்ளே போய்ப் பையை மாட்டிவிட்டு, அடுப்பில் வெந்நீர் வைத்தாள்.

இப்படியே இரண்டு மாதம் போயிற்று. தினமும் ஆறரைக்குக் கிளம்பினாள். மாலையில் வந்து முட்டியில் பையை வைத்தாள். வண்டியைப் பற்றிக் கேட்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டாள். முதலில் 'சரியாச்சா' என்று கேட்டாள், பிறகு 'மிஸ்திரி என்ன சொன்னாரு' என்று கேட்டாள், அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். சத்தம் போக வேண்டும் என்று மும்முரமாக அலைந்தேன்தான். போய்விட்டால் என்ன ஆகும் என்றும் ஒரு பக்கம் யோசித்தேன். இத்தனை வருடமாக அந்த வீட்டில் சாவி என்றால் அது என் சாவி.

மூன்றாம் முறை மகள் கூட வந்தாள். அவளுக்குச் சரோஜினி நகரில் துணி எடுக்க வேண்டியிருந்தது, போகிற வழியில் பட்டறையில் வண்டியைக் காட்டிவிட்டுப் போகலாம் என்றேன். மிஸ்திரி என்னைப் பார்த்ததுமே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். அண்ணாஜி, கடைசியாகக் கேட்கிறேன் என்கிற தோரணையில் அதே கேள்வியைக் கேட்டார். சீதே ஹாத்தா, உல்டே ஹாத்தா?

"கித்னீ பார் போலா. உல்டா மே" என்றேன், எத்தனை தடவை சொல்வது என்ற எரிச்சலோடு.

மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, இல்லையே. ரைட்லதான வருது?"

"அதைத்தான் சொல்றேன். நேரா போனா வரல, திருப்பினா வருதுன்னு."

"அவங்க அது கேக்கலப்பா. சீதா ஹாத் மீன்ஸ் ரைட் ஹேண்ட். உல்டா ஹாத் மீன்ஸ் லெஃப்ட். நீங்க இவ்ளோ நாளா லெஃப்ட்ல வருதுன்னு சொல்லிட்டு இருந்தீங்களா?"

அவள் மிஸ்திரி பக்கம் திரும்பி, கடகடவென்று ஹிந்தியில் விளக்கினாள். அவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு வண்டியின் இடப்பக்கத்தைப் பார்த்தார், தான் இரண்டு தடவை பிரித்துப் பூட்டிய பக்கத்தை. பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். மேல்மாடியில் துணி எடுக்க வந்த ஒரு பையன் எட்டிப் பார்த்தான். "அண்ணாஜி, ஆப்னே தோ கமால் கர் தியா" என்றார், நீங்கள் அசத்திவிட்டீர்கள் என்று.

சோறு தின்கிற கை நேர்க்கை, மற்றது ஏறுமாறான கை. முனிர்கா மிஸ்திரியும் நாகர்கோவில் நர்சும் ஒரே மாதிரிதான் பேசியிருக்கிறார்கள். அவள் சொன்னதை அப்படியே சொல் மாற்றிச் சொல்லியிருந்தால் முதல் நாளே வேலை முடிந்திருக்கும். தாயும் பாயும் படித்துச் சான்றிதழ் வாங்கிய நான் ஒருவன்தான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று மறித்துக்கொண்டிருந்தேன்.

மிஸ்திரி வலப்பக்க முன்சக்கரத்தைக் கழற்றினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிரேக் டிஸ்குக்குப் பின்னால் தூசி படாமல் இருக்க ஒரு தகரத் தட்டு இருக்கிறது. அது உள்பக்கமாக நசுங்கி, டிஸ்கை ஒட்டிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் திருப்பும்போது டிஸ்க் அதில் உரசியிருக்கிறது. தட்டின் மடிப்பில் ஒரு கல் துண்டும் மாட்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார். சிமெண்டுக் கல். ஒரு பக்கம் மஞ்சள் பெயிண்ட், ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு. சாலை நடுவில் இருக்கும் டிவைடர் கல். யாரோ டிவைடர் மேல் ஏற்றியிருக்கிறார்கள் என்று மிஸ்திரி சொன்னார். தட்டை நிமிர்த்திச் சக்கரத்தை மாட்டினார். நான் சொல்லியிருந்த டீ அப்போதுதான் வந்தது.

"அம்மா டிவைடர்ல ஏத்திட்டாங்களா?" என்று மகள் கேட்டாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இதுவரை எழுதிக்கொண்டு வந்தேன். மனைவி சத்தத்தைப் பற்றிச் சொன்ன அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள் ஞாயிறு. அவளையும் மகளையும் பூசைக்குக் கோயிலில் இறக்கிவிட்டு, டயருக்குக் காற்று அடித்துவிட்டு வருகிறேன் என்று நான் கிளம்பினேன். காற்று அடிக்கவில்லை. சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகைக் கேண்டீனில் ஞாயிறு காலை வெண்பொங்கல் கிடைக்கும். எனக்குச் சர்க்கரை. வீட்டில் நர்ஸ். பொங்கல் வடை எல்லாம் கண்ணால் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது. உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டேன். பூசை முடிகிற நேரம் நெருங்கிவிட்டது என்று தெரிந்ததும் பதறி, யூ-டர்னில் வேகமாக ஒடித்தேன். வலப்பக்க முன்சக்கரம் டிவைடரின் முனையில் ஏறி இறங்கியது. தலை கூரையில் இடித்தது. இறங்கிப் பார்த்தேன், வெளியே கீறல் எதுவும் இல்லை. கோயில் வாசலில் நல்ல பிள்ளையாய்ப் போய் நின்றேன்.

இரண்டு மாதமாக அந்த ஞாயிறு எனக்கு ஞாபகமே வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வந்தது. வந்ததை உட்காரவிடாமல் அனுப்பினேன். டிவைடர்தானே, ஆக்ஸில் வேறு சமாசாரம் என்று சொல்லிக்கொண்டேன். உல்டா ஹாத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டது நிஜமாகவே மொழிப் பிழைதான். ஆனால் அந்தப் பிழை எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

"தெரியலம்மா" என்றேன் மகளிடம். "இருக்கலாம்."

அன்று மாலை மனைவி வந்ததும், மகள் என்னுடைய ஹிந்தியின் கதையை நடித்தே காட்டினாள். மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அவள் அப்படிச் சிரித்துப் பார்த்தேன். நானும் அசடு வழியச் சிரித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு மகள் அந்தக் கல்லை எடுத்து மேசையில் வைத்து, "இதுதான் உள்ள இருந்துச்சும்மா. நீங்க டிவைடர்ல எங்கயாவது இடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

மனைவி கல்லைக் கையில் எடுத்தாள். மஞ்சள் பெயிண்டை விரலால் தடவினாள்.

"இடிச்சிருப்பேன் மோளே" என்றாள். "துவாரகா கிட்ட ஒரு யூ-டர்ன் உண்டு. ஒரு நாளு பின்னாடி பஸ்ஸுக்காரன் ஹார்ன் அடிச்சான். நான் பயந்துபோயி சட்டுனு ஒடிச்சேன். அப்பந்தான் ஏறியிருக்கும். எனக்குத் தெரியல்ல பாத்தியா, ஏறுனதுகூடத் தெரியல்ல."

நடக்காத ஒன்றுக்கு அவளே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள். இடம் சொன்னாள், பஸ்ஸைச் சொன்னாள், ஹார்னைச் சொன்னாள். இரண்டு மாதமாக மெட்ரோவில் நின்றுகொண்டே, எந்த இடத்தில் தப்பு செய்தோம் என்று தேடித் தேடி இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"கல்லாப் போச்சு" என்றாள். "ஒரு பிள்ளையா இருந்தா? ஏறுனது தெரியாம ஓட்டுறவ ஓட்டவே கூடாது."

"அது நீ இல்ல" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். காற்று அடிக்கப் போகிறேன் என்று சொன்னது, சாணக்யபுரி, பொங்கல், யூ-டர்ன், தலை இடித்தது. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. மகள் எழுந்து அவளுடைய அறைக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை, ஆனால் திரும்பியும் வரவில்லை.

மனைவி முதலில் கேட்டது, "வடை எத்தன?"

"ரெண்டு."

"பொங்கலுக்கு மேல ரெண்டு வடை" என்றாள். நர்ஸ் புத்தி போகாது. கல்லை மேசையில் திரும்ப வைத்தாள். பிறகு சொன்னாள்: "பத்து நாளு முன்னாடி பாவசங்கீர்த்தனத்துல சாமியாருகிட்ட இதையும் சேத்துச் சொன்னேன். வீட்டுக்காரரு பொருள ஒடைச்சுட்டு ஒத்துக்கிடாம இருக்கேன்னு." சொல்லிவிட்டு எழுந்து, மறுநாள் டூட்டிக்கு யூனிஃபார்மை இஸ்திரி போடப் போனாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பால்கனியிலிருந்த இரண்டு இரும்பையும் நான் அடுத்த நாளே பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன். அவளிடம் சாவியைக் கொடுத்தேன். வாங்கி, ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். ஒரு வாரம் அது அங்கேயே இருந்தது. அதன் பிறகு நான் வண்டியை எடுத்து அவளைத் துவாரகாவில் விட ஆரம்பித்தேன். காலை ஏழுக்குக் கிளம்புகிறோம். அவளை இறக்கிவிட்டு வண்டியை வீட்டில் போட்டுவிட்டு நான் மெட்ரோ பிடித்து அலுவலகம் போகிறேன், தினமும் அரை மணி தாமதம். மாலையில் அவள் மெட்ரோவில்தான் வருகிறாள். மிஸ்திரி வேலை சுத்தம். வலப்பக்கம், இடப்பக்கம், எப்படித் திருப்பினாலும் ஒரு சத்தம் கிடையாது.

போன வாரம் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது, நேரம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான் என்ஜினை அணைக்காமல் இறங்கி அவள் பக்கக் கதவைத் திறந்தேன். "இந்தப் பக்கம் வா. கார் பார்க்கிங்குக்குள்ளயே ஒரு ரவுண்டு போ. நான் வெளியில நிக்கிறேன்" என்றேன்.

"வண்டி இப்பம் நல்லா இருக்குல்லா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு. ஒரு கோளாறும் இல்ல. நீ ஒருதடவை ஓட்டிப் பாரேன்."

அவள் இறங்கி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்தாள். பிறகு கையை எடுத்து, எனக்குக் காட்டுவது போல முன்னால் நீட்டினாள்.

"பிறந்து மூணு நாளு ஆன பிள்ளைக்கு ஊசி போட நரம்பு பிடிக்கிற கையாக்கும் இது. அங்க ஆடாது. இதத் தொட்டா ஆடுது, பாருங்க."

பார்த்தேன். ஆடியது.

"இதுக்கு மிஸ்திரி கிடையாது. நீங்களே ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.